வீட்டுக் கணினியில் எலெக்ட்ரிக் கிடார் ஒலி: தந்தியிலிருந்து ஸ்பீக்கர் வரை முழுமையான வழிகாட்டி

எலெக்ட்ரிக் கிடார் வாசிக்கத் தொடங்கிய எல்லோரும் ஒரு கட்டத்தில் ஒரே கேள்வியில் வந்து நிற்கிறார்கள். ஒலிப்பதிவுகளில் கேட்கும் அந்த ஒலி என் கையில் ஏன் வரவில்லை? கடைக்காரர் புதிய பெடல் (காலால் இயக்கும் ஒலிமாற்றுப் பெட்டி) ஒன்றைக் காட்டுவார். நண்பர்கள் பிக்கப்பை, அதாவது தந்தியின் அதிர்வை மின்சிக்னலாக்கும் காந்தச் சுருளை, மாற்றச் சொல்வார்கள். நான் சொல்வது வேறு. நம் காதில் விழுவதில் பெரும்பங்கு ஸ்பீக்கருக்கும் அதன் முன்னே வைத்த மைக்குக்கும் உரியது. அதற்கு அடுத்த இடம், சிக்னல் சரியான அளவில் உள்ளே போகிறதா என்பதற்கு. அந்தச் சிக்னலைப் பெருக்கும் ஆம்ப்பின் (ஆம்ப்ளிஃபையர்) பெயர் மூன்றாவதாகத்தான் வருகிறது. இந்த வரிசையில் வேலை செய்தால், இலவச மென்பொருளையும் கிடாரைக் கணினியோடு இணைக்கும் சாதாரண ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்றையும் கொண்டே, பதிவு செய்யத் தகுந்த ஒலியை வீட்டில் உருவாக்கலாம்.

தேவையானவை சில பொருள்கள்தான்: கிடார், மூன்று மீட்டருக்கு மிகாத நல்ல கேபிள், கிடாருக்கென்று தனி உள்ளீடு கொண்ட ஆடியோ இன்டர்ஃபேஸ், ஓரளவு புதிய கணினி, கம்பியுள்ள ஹெட்ஃபோன். புளூடூத் ஹெட்ஃபோன் இந்த வேலைக்கு உதவாது. தந்தியை மீட்டியபின் ஒலி காதுக்கு வந்து சேர ஆகும் தாமதத்தில் வாசிக்கவே முடியாது.

இது எப்படிச் சாத்தியமானது

ஆம்ப்பின் ஒலியைக் கணக்கீட்டால் உருவாக்கும் முயற்சி புதியதல்ல. லைன் 6 நிறுவனம் 1996இல் ஆக்ஸிஸ் 212 என்ற டிஜிட்டல் ஆம்ப்பையும், 1998இல் பாட் என்ற சிறிய சிவப்புப் பெட்டியையும் கொண்டுவந்தது. 2006இல் ஃப்ராக்டல் ஆடியோவின் ஆக்ஸ்-எஃப்எக்ஸ் வந்தது. இவை எல்லாம் ஆம்ப்பின் மின்சுற்றைப் படித்து, அது என்ன செய்யும் என்பதைக் கணிதமாக எழுதிய கருவிகள். ஜெர்மனியின் கெம்பர் 2011இல் வேறு பாதையைக் காட்டியது: எதிரே இருக்கும் ஆம்ப்புக்குள் சோதனை ஒலிகளை அனுப்பி, வெளியே வருவதைக் கேட்டு, அந்த ஆம்ப்பின் குணத்தையே பிடித்து வைத்துக்கொள்வது. இப்படிப் பிடித்து வைத்ததை இன்று கேப்சர் என்கிறோம்.

ஸ்டீவன் அட்கின்சன் உருவாக்கிய நியூரல் ஆம்ப் மாடலர் இந்த வேலையை நரம்பியல் வலையமைப்பால் செய்கிறது. அது திறந்த மூலநிரல், முற்றிலும் இலவசம். உலகெங்கும் உள்ள கிடார் கலைஞர்கள் தங்கள் ஆம்ப்களைக் கேப்சர் செய்து டோன்3000 போன்ற தளங்களில் பகிர்ந்துவருகிறார்கள். நாம் பெரும் விலை கொடுத்தாலும் இங்கே கிடைக்காத பழைய ஆம்ப்களின் ஒலி இப்படிக் கைக்கு வந்திருப்பதை, கிடார் உலகில் இந்தத் தலைமுறையில் நிகழ்ந்த மிக நல்ல மாற்றமாக நான் கருதுகிறேன்.

முதல் படி: கிடாரைச் செம்மைப்படுத்துங்கள்

மென்பொருளைத் திறப்பதற்கு முன்னால் கிடாரைப் பாருங்கள். சுருதி சேராத கிடாரை எந்த ஆம்ப்பும் காப்பாற்றாது. டிஸ்டார்ஷன், அதாவது சிக்னல் சிதைந்து வரும் கரகரப்பு, சேர்த்தால் அந்தக் குறை இன்னும் உரக்கக் கேட்கும்.

தந்திகள் துருப்பிடித்திருந்தால் மாற்றுங்கள். சென்னை, நாகப்பட்டினம், யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்றும் வியர்வையும் சேர்ந்து தந்தியை விரைவில் கெடுத்துவிடும். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் ஒவ்வொரு தந்தியையும் மேலும் கீழுமாகத் துடைப்பது போதுமான பாதுகாப்பு. மேற்பூச்சுக் கொண்ட தந்திகள் விலை கூடுதல். கடலோரத்தில் இருப்பவர்களுக்கு அந்த விலை தகும்.

அடுத்து நெக்கின் (கிடாரின் கழுத்தின்) வளைவு. அதன் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளே ஃப்ரெட்டுகள். ஆறாம் தந்தியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்திப் பிடியுங்கள். எட்டாவது ஃப்ரெட்டின் மேல் தந்திக்கும் ஃப்ரெட்டுக்கும் இடையே சுமார் 0.25 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும். அதிகமாக இருந்தால் நெக்குக்குள் ஓடும் ட்ரஸ் ராட் என்ற உலோகத் தண்டைக் கடிகாரச் சுற்றில் இறுக்க வேண்டும். இடைவெளியே இல்லையென்றால் தளர்த்த வேண்டும். ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருப்பாதீர்கள். திருப்பிய பின் மீண்டும் சுருதி சேர்த்து அளந்து பாருங்கள். மழைக்காலத்திலும் கோடையிலும் மரம் ஈரத்துக்கேற்ப மாறும் என்பதால், ஆண்டுக்கு இரண்டு முறையாவது இதைச் சரிபார்ப்பது நல்லது.

தந்தி உயரத்தைப் பதினேழாவது ஃப்ரெட்டில் அளக்கலாம். 1.6 மி.மீ. என்பது ஃபெண்டர் வகைக் கிடார்களுக்கு நல்ல தொடக்கம். பலமாக மீட்டுபவர்கள் சற்று உயர்த்திக்கொள்ளலாம். பிறகு இன்டொனேஷன், அதாவது நெக்கின் எல்லா இடத்திலும் சுருதி சரியாக இருப்பது: பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் அழுத்தி வாசிக்கும் ஸ்வரமும் அதே இடத்தில் தொட்டு எழுப்பும் ஹார்மானிக்கும் டியூனரில் ஒன்றாகக் காட்ட வேண்டும். அழுத்திய ஸ்வரம் ஏறிக் காட்டினால் அந்தத் தந்தியின் சேடிலை (கிடாரின் உடல் பக்கம் தந்தி தங்கும் சிறு தாங்கியை) பின்னுக்கு நகர்த்துங்கள். இறங்கிக் காட்டினால் முன்னுக்கு.

பிக்கப் உயரத்தைப் பலர் தொடுவதே இல்லை. செலவே இல்லாமல் ஒலியை மாற்றும் இடம் அது. கடைசி ஃப்ரெட்டை அழுத்தியபடி, தந்திக்கும் பிக்கப்புக்கும் இடையே இரண்டு முதல் மூன்று மி.மீ. வைத்துத் தொடங்குங்கள். ஸ்ட்ராடோகாஸ்டர் போன்ற ஒற்றைச் சுருள் பிக்கப்பில் காந்தம் தந்திக்கு மிக அருகில் வந்தால், அது தந்தியை இழுத்து ஸ்வரத்தை நடுங்கவைக்கும். கனமான தந்தியில் இந்தத் தடுமாற்றம் தெளிவாகத் தெரியும். அப்படிக் கேட்டால் பிக்கப்பைக் கீழே இறக்குங்கள்.

உங்கள் கிடாரின் ஃப்ரெட் பலகை கருஞ்சிவப்பு மரமாக இருந்தால், அது நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி மரமாக இருக்க வாய்ப்புண்டு. 1960களில் பிரேசில் ரோஸ்வுட்டின் இடத்தை இந்திய ரோஸ்வுட் பிடித்தது. கலிஃபோர்னியாவில் செய்யப்பட்ட எத்தனையோ கிடார்களில் நம் காட்டு மரம் இருக்கிறது. 2017இல் இந்த மரத்தின் பேரினம் முழுவதும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்து கிடார் நிறுவனங்கள் தவித்தன. 2019இல் செய்து முடிக்கப்பட்ட இசைக்கருவிகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. ஈட்டிப் பலகைக்கு ஆண்டுக்கு ஓரிரு முறை சிறிது எண்ணெய் தடவலாம். மேற்பூச்சு இட்ட மேப்பிள் பலகைக்கு எண்ணெய் தேவையில்லை.

இரண்டாம் படி: இரைச்சலைக் களையுங்கள்

நம் வீடுகளில் எலெக்ட்ரிக் கிடாருக்கு இருக்கும் பெரும் எதிரி மின்சாரம்தான். ஒற்றைச் சுருள் பிக்கப், சுற்றிலும் உள்ள காந்தப்புலத்தை எல்லாம் வாங்கிக்கொள்ளும். நம் மின்சாரத்தின் அலைவெண் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அந்த அடிநாதமும் அதன் மடங்குகளும் சேர்ந்து உறுமலாகக் கேட்கும். கிப்சன் கிடார் நிறுவனத்தில் சேத் லவர் 1955இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த ஹம்பக்கர், எதிரெதிராகச் சுற்றிய இரண்டு சுருள்களால் இந்த உறுமலை ரத்துசெய்கிறது. உங்களிடம் ஹம்பக்கர் இருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

இல்லாதவர்கள் முதலில் பார்க்க வேண்டியது மின்விசிறி. எலெக்ட்ரானிக் ரெகுலேட்டர் மின்னலையை வெட்டி வேகத்தைக் குறைக்கிறது. அந்த வெட்டுகள் கிடாரில் கரகரவென்று கேட்கும். விசிறியை முழு வேகத்தில் வைத்தோ நிறுத்தியோ வேறுபாட்டைக் கேளுங்கள். ஒளியைக் கூட்டிக் குறைக்கும் விளக்குகளும் இதே தொல்லையைத் தரும். அடுத்து மடிக்கணினியின் சார்ஜர்: அதைக் கழற்றியதும் இரைச்சல் அடங்கினால், பதிவு செய்யும் நேரத்தில் பேட்டரியில் வேலை செய்யுங்கள். கடைசியாக, நாற்காலியில் அமர்ந்தபடியே மெதுவாகத் திரும்பிப் பாருங்கள். ஏதோ ஒரு கோணத்தில் உறுமல் வெகுவாகக் குறையும். அந்தத் திசையே உங்கள் இருக்கை.

தந்தியைத் தொட்டதும் இரைச்சல் குறைவது இயல்பு. தந்திகள் கிடாரின் தரையிணைப்போடு சேர்ந்திருப்பதால், தொடும்போது உங்கள் உடல் இரைச்சலை வாங்கிக் கொடுப்பது நிற்கிறது.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இரைச்சலைக் குறைக்க என்று மூன்று முள் பிளக்கின் எர்த் முள்ளை உடைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கிடார் தந்தியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு உதட்டை மைக்கில் வைக்கும்போது, இரண்டுக்கும் வேறு வேறு மின்னழுத்தம் இருந்தால் மின்சாரம் உங்கள் உடல் வழியே பாயும். பழைய வீட்டில் எர்த் சரியாக இல்லையென்று சந்தேகம் இருந்தால், புதிய பெடல் வாங்க வைத்திருக்கும் பணத்தில் எலெக்ட்ரீஷியனை அழையுங்கள்.

மூன்றாம் படி: சிக்னலைச் சரியான அளவில் உள்ளே அனுப்புங்கள்

இன்டர்ஃபேஸில் கிடார் கேபிளைச் செருகியதும், கிடார் உள்ளீட்டுக்கான பொத்தானை அழுத்துங்கள். பிக்கப்பில் எழும் சிக்னல் மெலிந்தது. அதை எதிர்கொள்ளும் உள்ளீட்டின் மின்தடை ஏறத்தாழ பத்து லட்சம் ஓம் இருந்தால்தான் மேல்தாயி மினுமினுப்பு தங்கும். சாதாரண லைன் உள்ளீட்டின் தடை சில ஆயிரங்களிலிருந்து சில பத்தாயிரங்கள் வரைதான். அதில் செருகினால் ஒலி போர்வைக்குள் இருந்து வருவதுபோல் மங்கிவிடும். கிடார் வாங்கிய நாளிலிருந்து "இந்தப் பிக்கப் சரியில்லை" என்று புலம்புபவர்களின் வீட்டில் பலமுறை இந்தப் பொத்தான்தான் அழுத்தப்படாமல் இருக்கும்.

கேபிளும் இதே கதைதான். ஒவ்வொரு மீட்டர் கேபிளும் சிறிதளவு மேலொலியை விழுங்கும். அறைக்குள் வாசிக்கப் பத்து மீட்டர் கேபிள் எதற்கு?

இப்போது அளவு. அசலான ஆம்ப்புக்குக் கிடார் எத்தனை வோல்ட் அனுப்புகிறது என்பது முக்கியம். வோல்ட் கூடினால் டிஸ்டார்ஷன் கூடும். கேப்சரும் அப்படித்தான். இன்டர்ஃபேஸின் கெயின் (பெருக்க அளவு) குமிழைத் திருப்பினால் ஒலி உரப்பது மட்டுமல்ல, ஆம்ப்பின் குணமே மாறுகிறது. மென்மையாக இருக்க வேண்டிய ஆம்ப் கத்துகிறது என்றால், குறை கேப்சரில் இருக்க வேண்டும் என்பதில்லை.

செய்முறை இதுதான். கெயின் குமிழை முழுவதும் குறையுங்கள். கிடாரின் வால்யூமை முழுதாகத் திறந்து, உங்களால் இயன்ற அளவு பலமாக ஆறு தந்திகளையும் மீட்டுங்கள். மீட்டியபடியே கெயினை மெல்லக் கூட்டுங்கள். மீட்டரின் உச்சம் மைனஸ் 12 முதல் மைனஸ் 6 டெசிபெல்லுக்குள் வந்தால் போதும். சிவப்பு விளக்கு ஒருபோதும் எரியக் கூடாது. குமிழ் அடியில் இருக்கும்போதே அந்த அளவு வந்துவிட்டால், அப்படியே விட்டுவிடுங்கள். குமிழின் நிலையைப் பென்சிலால் குறித்துவைத்து, பிறகு அதைத் தொடாதீர்கள்.

இன்னும் துல்லியம் வேண்டுமென்றால், உங்கள் இன்டர்ஃபேஸின் கையேட்டில் கிடார் உள்ளீடு தாங்கும் உச்ச அளவு எழுதியிருக்கும். நியூரல் ஆம்ப் மாடலரின் அமைப்புகளில் அந்த எண்ணைக் கொடுக்க இடம் இருக்கிறது. கேப்சர் செய்தவரும் தன் அளவைப் பதிந்திருந்தால், மென்பொருள் இரண்டையும் ஒப்பிட்டு, அசல் ஆம்ப்புக்குப் போயிருக்கும் அதே அளவைத் தானே அமைத்துக்கொள்ளும்.

நான்காம் படி: தாமதத்தைக் குறையுங்கள்

விண்டோஸில் இன்டர்ஃபேஸ் நிறுவனம் தரும் ஏசியோ (ASIO) டிரைவரை, அதாவது தாமதத்தைக் குறைக்கும் இணைப்பு மென்பொருளை, நிறுவுங்கள். மேக்கில் இந்த வேலை தேவையில்லை. சாம்பிள் விகிதத்தை 48 கிலோஹெர்ட்ஸாக வையுங்கள். பெரும்பாலான கேப்சர்கள் அதில்தான் செய்யப்படுகின்றன. பஃபரை, அதாவது கணினி ஒரு தடவைக்குச் சேர்த்துக் கையாளும் ஒலித்துண்டை, 128 சாம்பிளில் தொடங்குங்கள். கணக்குப் போட்டால் அது 2.7 மில்லிவினாடி. உள்ளே ஒரு முறை, வெளியே ஒரு முறை, மாற்றிகளின் தாமதம் என்று எல்லாம் சேர்ந்து பத்து மில்லிவினாடிக்குள் அடங்கினால் நல்லது. மேடையில் ஆம்ப்பிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி நிற்பவருக்கு ஒலி காற்றில் வந்து சேரவே ஒன்பது மில்லிவினாடி ஆகிறது. ஆகவே இந்தத் தாமதம் விரலுக்குப் புதியதல்ல.

ஒலி இடையிடையே வெடித்தால் பஃபரை 256 ஆக உயர்த்துங்கள், அல்லது எடை குறைந்த கேப்சரைத் தேர்ந்தெடுங்கள். ஒரே ஆம்ப்புக்குப் பல எடைகளில் கேப்சர்கள் கிடைக்கும். பழைய மடிக்கணினிக்கு லைட், ஃபெதர் போன்ற வகைகள் ஏற்றவை. கிடார் ஒரு காதில் மட்டும் கேட்டால் பதற வேண்டாம். மென்பொருளில் உள்ளீட்டை மோனோவாக மாற்றினால் சரியாகிவிடும்.

ஐந்தாம் படி: ஓர் ஆம்ப், ஒன்றே ஒன்று

நியூரல் ஆம்ப் மாடலரை ஒலிப்பதிவு மென்பொருளுக்குள் இயங்கும் பிளக்-இன்னாகவோ தனி மென்பொருளாகவோ நிறுவலாம். உள்ளே குமிழ்கள் மிகக் குறைவு: உள்ளீடு, இரைச்சல் தடுப்பு, மூன்று ஒலிவண்ணக் குமிழ்கள், வெளியீடு. அந்த எளிமை எனக்குப் பிடித்திருக்கிறது.

பதிவிறக்கத் தொடங்கினால் நூற்றுக்கணக்கில் சேர்த்துவிடும் ஆசை வரும். முதல் மாதம் ஒன்றோடு வாழுங்கள். மெல்லிசைக்கும் தெளிவான தனி ஸ்வரங்களுக்கும் ஃபெண்டர் டீலக்ஸ் ரிவெர்ப். ரிதம் மீட்டலில் மணி ஒலிப்பதுபோன்ற தெறிப்பு வேண்டுமென்றால் வாக்ஸ் ஏசி30. கிடாரின் வால்யூமைக் கூட்டினால் சீறி, குறைத்தால் தெளியும் ராக் ஒலிக்கு மார்ஷலின் பழைய பிளெக்ஸி. கனத்த டிஸ்டார்ஷனுக்கு மெசா பூகியின் ரெக்டிஃபையர். எதை எடுத்தாலும் கேப்சர் என்பது குமிழ்கள் ஒரு நிலையில் இருந்தபோது எடுக்கப்பட்ட பதிவு. அசல் ஆம்ப்பின் கெயினைக் கூட்ட வேண்டுமானால் கூடுதல் கெயினில் எடுத்த வேறு கேப்சரைத்தான் ஏற்ற வேண்டும்.

பதிவிறக்கும்போது ஒரு விவரத்தை மட்டும் தவறாமல் படியுங்கள்: அது ஆம்ப் மட்டுமா, ஸ்பீக்கரும் மைக்கும் சேர்ந்ததா? ஆம்ப் மட்டும் என்றால் அடுத்த படி கட்டாயம். ஸ்பீக்கரும் சேர்ந்தது என்றால் அடுத்த படியை அணைத்துவைக்க வேண்டும். ஸ்பீக்கர் இல்லாமல் கேட்டால் வண்டு கூட்டம் இரைவதுபோல் இருக்கும். இரண்டு ஸ்பீக்கர்கள் அடுக்கிவிட்டால் ஒலி மங்கிச் சேறாகும். புதியவர்கள் "டிஜிட்டல் ஒலி செயற்கையானது" என்று முடிவு கட்டுவது பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றைக் கேட்டுவிட்டுத்தான்.

ஆறாம் படி: ஸ்பீக்கர் பெட்டி

இங்கே நிதானமாக நேரம் செலவிடுங்கள்.

ஸ்பீக்கருக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் தருகிறேன் என்பதற்கு வரலாற்றிலேயே சான்று இருக்கிறது. 1962இல் லண்டனில் ஜிம் மார்ஷலின் கடையில் உருவான ஜேடிஎம்45 ஆம்ப்பின் மின்சுற்று, ஃபெண்டர் பாஸ்மேனின் 5எஃப்6-ஏ சுற்றை ஏறக்குறைய அப்படியே பின்பற்றியது. ஆனால் பாஸ்மேனில் பின்புறம் திறந்த பெட்டியில் நான்கு 10 அங்குல ஜென்சன் ஸ்பீக்கர்கள் இருந்தன. மார்ஷல் நான்கு 12 அங்குல செலஸ்டியன் ஸ்பீக்கர்களை மூடிய பெட்டிக்குள் வைத்தார். வால்வுகளும் சில பாகங்களும் மாறியிருந்தன என்பது உண்மை. ஆனாலும் காதுக்குக் கேட்ட மாற்றத்தில் ஸ்பீக்கரின் பங்கு பெரியது. ஒரே சுற்றிலிருந்து இரண்டு இசை மரபுகள் பிறந்தன.

கிடார் ஸ்பீக்கர் வீட்டு ஹைஃபை ஸ்பீக்கர் போன்றதல்ல. அதில் மேலொலிக்கென்று தனி ட்வீட்டர் கிடையாது. 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் அதன் ஒலி செங்குத்தாகச் சரிந்துவிடும். டிஸ்டார்ஷன் உண்டாக்கும் கூரிய மேலொலிகளை அந்தச் சரிவுதான் வெட்டி, காதுக்கு இனிதாக்குகிறது. இதே குணத்தைக் கணினியில் பெற, ஸ்பீக்கருக்குள் சோதனை ஒலியை அனுப்பி மைக்கில் பதிவு செய்து உருவாக்கும் சிறிய ஒலிக்கோப்புதான் இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ். சுருக்கமாக ஐஆர். 48 கிலோஹெர்ட்ஸில் 2048 சாம்பிள்கள், அதாவது வெறும் 43 மில்லிவினாடி நீளமே போதும். அதற்குள் ஸ்பீக்கர், பெட்டி, மைக், மைக் இருந்த இடம் எல்லாம் அடங்கிவிடுகின்றன.

முதலில் ஒரு சோதனை செய்யுங்கள். உங்கள் ஆம்ப் கேப்சரை மாற்றாமல் பத்து ஐஆர்களை ஒவ்வொன்றாக ஏற்றி, ஒரே இசைத்தொடரை வாசியுங்கள். பிறகு ஓர் ஐஆரை வைத்துக்கொண்டு, ஏறத்தாழ ஒரே கெயின் உள்ள பல ஆம்ப்களை மாற்றுங்கள். எது ஒலியைத் தலைகீழாக மாற்றுகிறது என்பதைக் காதே சொல்லும். ஒவ்வொரு முறையும் ஒலியின் உரப்பைச் சமமாக்கிக்கொள்ளுங்கள். உரக்கக் கேட்பது எப்போதுமே மேலானதாகத் தோன்றும்.

தேர்வு செய்யும்போது மூன்று விஷயங்களைப் பாருங்கள். ஸ்பீக்கர் வகை: செலஸ்டியனின் கிரீன்பேக் நடுவொலியில் மென்மையும் சற்றுச் சொரசொரப்பும் கொண்டது, வின்டேஜ் 30 நடுமேலொலியைத் துருத்திக்கொண்டு இசைக்குழுவின் நடுவே வெட்டி நிற்கும். பெட்டி வகை: திறந்த பின்புறம் காற்றோட்டமான, விரிந்த ஒலி, மூடிய பின்புறம் கீழொலி இறுகிய ஒலி. மூன்றாவது மைக் இருந்த இடம். மற்ற இரண்டைக் காட்டிலும் இதையே நான் பெரிதாக எண்ணுகிறேன். ஸ்பீக்கரின் நடு மூடிக்கு நேரே வைத்த மைக் கூர்மையாகக் கேட்கும். விளிம்பை நோக்கி நகர நகர இருண்டு கனக்கும். மூடியும் கூம்பும் சேரும் ஓரம்தான் ஒலிப்பதிவாளர்கள் முதலில் முயலும் இடம். ஷூர் எஸ்எம்57 மைக்கில் அந்த இடத்தில் எடுத்த ஐஆர் ஒன்றை முதலில் முயலுங்கள். எத்தனையோ இசைத்தட்டுகளில் அந்தச் சேர்க்கையைக் கேட்டுப் பழகிய காது, அதை உடனே அடையாளம் கண்டுகொள்ளும்.

எஸ்எம்57ஐ ரிப்பன் மைக் ஒன்றோடு கலப்பது பரவலான வழக்கம். ஒன்று கூர்மையையும் மற்றது கனத்தையும் தரும். கலக்கும்போது ஒலி மெலிந்து வெறுமையாகக் கேட்டால், இரண்டு கோப்புகளின் தொடக்கமும் பொருந்தவில்லை என்று பொருள். ஒன்றின் ஃபேஸை (அலையின் ஏற்ற இறக்கத்தை) தலைகீழாக்கியோ, சிறிது நகர்த்தியோ சரிசெய்யலாம். இதில் பழக்கம் வரும்வரை ஒற்றை மைக்கே நல்லது.

ஏழாம் படி: வடிகட்டலும் பூஸ்ட்டும்

ஐஆருக்குப் பின்னால் ஓர் ஈக்யூ (அலைவெண்வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் கருவி) போடுங்கள். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டிவிடுங்கள். கிடாரின் அடித் தந்தியே 82 ஹெர்ட்ஸில்தான் தொடங்குகிறது. பாஸும் டிரம்ஸும் சேர்ந்த பாட்டில் 100 வரையிலும் வெட்டலாம். மேலே 8 கிலோஹெர்ட்ஸ் அருகே மென்மையாக வெட்டினால் ஹெட்ஃபோனில் உறுத்தும் இரைச்சல் போகும். நடுவொலியை மட்டும் எளிதில் குறைக்காதீர்கள். தனியாக வாசிக்கும்போது நடுவொலி குறைந்த ஒலி கம்பீரமாகத் தோன்றும். மற்றக் கருவிகள் சேர்ந்ததும் கிடார் காணாமல் போய்விடும்.

கனத்த டிஸ்டார்ஷனில் கீழ்த் தந்திகள் குழைந்தால், ஆம்ப்புக்கு முன்னால் டியூப் ஸ்க்ரீமர் வகைப் பெடலை வைத்து, அதன் டிரைவை அடியிலும் லெவலை உச்சியிலும் திருப்புங்கள். அந்தச் சுற்று, கீழொலியை மெலிதாக்கி 700 ஹெர்ட்ஸை ஒட்டிய நடுவொலியை முன்னே தள்ளுகிறது. ஆம்ப்புக்குள் போகும் முன்பே கீழொலி குறைவதால் மீட்டல் இறுகிக் கேட்கும். ஆம்ப்புக்குப் பின்னால் ஈக்யூவில் கீழொலியைக் குறைத்து இந்தப் பலனைப் பெற முடியாது. குழைவு அதற்குள் உருவாகிவிட்டிருக்கும்.

எதிரொலி தரும் டிலேயும் அறையின் முழக்கம் தரும் ரிவெர்பும் ஸ்பீக்கருக்குப் பின்னால் வரட்டும். பாட்டின் வேகத்தோடு டிலேயைச் சேர்க்க 60,000ஐ நிமிடத் துடிப்பால் வகுங்கள். 120 துடிப்புக்கு ஒரு துடிப்பு 500 மில்லிவினாடி. அதில் முக்கால் பங்கான 375, கிடார் கலைஞர்கள் பெரிதும் விரும்பும் அளவு.

எட்டாம் படி: கமகத்துக்கு ஏற்ற அமைப்பு

கர்நாடக இசை எலெக்ட்ரிக் கருவிகளுக்குப் புதிதல்ல. மாண்டலின் உ. ஸ்ரீநிவாஸ் மின்சார மாண்டலினில் இரட்டைத் தந்திகளை விட்டு ஒற்றைத் தந்திகளுக்கு மாறி, கமகத்துக்கு இடம் கொடுத்தார். கிடாரில் பிரசன்னா அந்தப் பாதையை விரிவாக நடந்து காட்டியிருக்கிறார். இந்திய இசையையும் ஜாஸையும் கலந்த சக்தி குழுவில் ஜான் மெக்லாஃப்லின் வாசித்த கிடாரில் ஃப்ரெட்டுகளுக்கு இடையே மரம் குடையப்பட்டிருந்தது. விரல் மரத்தைத் தொடாததால் தந்தியை எளிதாக இழுத்து ஸ்வரத்தை அசைக்கலாம். குடைந்த பலகை இல்லாதவர்கள் 9 அளவுத் தந்தியை (மெல்லிய முதல் தந்தி 0.009 அங்குலம் உள்ள தொகுதியை) போட்டு, தந்தியை இழுத்து வாசிக்கப் பழகலாம்.

ஒலி அமைப்பில் நான் பரிந்துரைப்பது: நெக் பக்கப் பிக்கப், தெளிவான அமெரிக்க வகை ஆம்ப், திறந்த பெட்டி ஐஆர், ஆம்ப்புக்கு முன்னால் மூன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் கம்ப்ரஸர். கமகம் நீளும்போது ஒலி தேயாமல் கம்ப்ரஸர் தாங்கும். டிலேயை அணைத்துவிடுங்கள். காந்தாரம் அசைந்துகொண்டிருக்கும்போது அதன் பழைய நிலை எதிரொலியாக வந்து மோதினால், கேட்பவருக்கு ஸ்வரம் பிசகியதாகவே தோன்றும். சிறிய அறை ரிவெர்ப் போதும். டிஸ்டார்ஷன் சேர்ப்பதில் தவறில்லை. ஒற்றைத் தந்தியில் ஜாரு (ஸ்வரத்திலிருந்து ஸ்வரத்துக்கு வழுக்குதல்) வாசிக்க அது அழகு. ஆனால் சுருதியை அதே ஆம்ப் வழியாக அனுப்பாதீர்கள். டிஸ்டார்ஷனுக்குள் இரண்டு ஸ்வரங்கள் சேர்ந்தால் அவற்றின் கூட்டல், கழித்தல் அலைவெண்களும் பிறந்து ராகத்துக்கு வெளியே உள்ள ஒலிகளைக் கொண்டுவரும். தம்புரா தனித் தடத்தில் இருக்கட்டும்.

ஒன்பதாம் படி: மேடைக்குக் கொண்டுபோகும்போது

ஹெட்ஃபோனில் மெல்ல ஒலித்தபோது செய்த அமைப்பு, அரங்கில் உரக்க ஒலிக்கும்போது கீழொலி முழங்கி மேலொலி குத்தும். ஒலி உரக்க உரக்க நம் காது கீழொலியையும் மேலொலியையும் கூடுதலாகக் கேட்கிறது. ஃப்ளெட்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் 1933இலேயே இதை அளந்து காட்டினார்கள். ஆகவே மேடைக்கான அமைப்பை மேடையின் உரப்பில்தான் செய்ய வேண்டும். ஒத்திகை அறையில் அரைமணி நேரம் கேட்டு வாங்குங்கள்.

ஒலியமைப்பாளரின் மிக்ஸருக்கு நேரே அனுப்பும்போது ஐஆர் இருக்கட்டும். பவர் ஆம்ப் வழியாக அசல் கிடார் ஸ்பீக்கர் பெட்டிக்கு அனுப்பினால் ஐஆரை அணைத்துவிடுங்கள்.

பத்தாம் படி: உங்கள் ஆம்ப்பைக் கேப்சர் செய்தல்

சொந்தமாக வால்வு ஆம்ப் வைத்திருப்பவர்கள் அதைக் கேப்சர் செய்து மற்றவர்களோடு பகிரலாம். முதலில் ஓர் எச்சரிக்கை: வால்வு ஆம்ப்பை ஸ்பீக்கரோ லோட் பாக்ஸோ (ஸ்பீக்கருக்குப் பதிலாகச் சுமையைத் தாங்கும் பெட்டி) இணைக்காமல் ஒருபோதும் இயக்காதீர்கள். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துவிடக்கூடும்.

நியூரல் ஆம்ப் மாடலர் தரும் சோதனைக் கோப்பு சில நிமிடங்கள் ஓடும். இன்டர்ஃபேஸின் வெளியீட்டிலிருந்து ரீஆம்ப் பெட்டி வழியாக அதை ஆம்ப்புக்கு அனுப்புங்கள். வெளியீட்டின் பலத்தையும் தடையையும் கிடாருடையதுபோல் ஆக்குவது அந்தப் பெட்டியின் வேலை. ஆம்ப்பிலிருந்து லோட் பாக்ஸ் வழியாகவோ, ஸ்பீக்கரின் முன் வைத்த மைக் வழியாகவோ திரும்பி வருவதைப் பதிவு செய்யுங்கள். ரிவெர்ப், டிலே, கோரஸ் எல்லாவற்றையும் அணைத்துவைக்க வேண்டும். நேரத்தோடு அசையும் விளைவுகளை இந்த முறை பிடிக்காது. பதிவைப் பயிற்சிக்குக் கொடுத்தால் முடிவில் பிழை விகிதம் ஓர் எண்ணாக வரும். 0.01க்குக் கீழே இருந்தால் கேப்சர் அசலுக்கு மிக நெருக்கம். மிக அதிகமாக இருந்தால் முதலில் பதிவு எங்காவது கிளிப் ஆகியிருக்கிறதா (அளவு மீறிச் சிதைந்திருக்கிறதா) என்று பாருங்கள், அடுத்து ரிவெர்ப் குமிழைப் பாருங்கள்.

பகிரும்போது ஆம்ப்பின் பெயர், குமிழ்களின் நிலை, ஸ்பீக்கர் சேர்ந்ததா இல்லையா, உள்ளீட்டு அளவு ஆகிய நான்கையும் எழுதுங்கள். அவை இல்லாத கேப்சரை ஏற்றுபவர், அளவு தெரியாமல் இருட்டில் குமிழைத் திருப்பிக்கொண்டிருப்பார்.